கூச்சம் எந்த ஊரில் குறை?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சில பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிவிடும். சில பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்று, கவுன் நுனியை வாயில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும். "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லிக் காட்டு கண்ணு" என்பார் அப்பா. கண்ணு சொல்லாது. இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு அம்மா, "இது கொஞ்சம் கூச்ச சுபாவம்ங்க" என்பார், காபியில் சர்க்கரை போட மறந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிற குரலில்.

அந்தக் குரல்தான் எனக்கு உறுத்துகிறது. பிள்ளைக்கு உயரம் கொஞ்சம் கம்மி, சுருட்டை முடி என்றெல்லாம் நாம் யாரிடமும் வருத்தம் தெரிவிப்பதில்லை. கூச்சத்துக்கு மட்டும் ஏன்? டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் தொலைவிலிருந்து வருகிறேன்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்றொரு உளவியலாளர் இருந்தார். 2021இல் காலமானார். பிள்ளையின் குணம் எல்லாம் வளர்ப்பில் வருவது என்று நம்பித் துறைக்குள் வந்தவர். ஆராய்ச்சி அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. 1980களின் இறுதியில் நாலு மாதக் குழந்தைகளை, ஏறத்தாழ 500 பேரை, ஒவ்வொருவராக ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். குழந்தையைச் சாய்வு இருக்கையில் கிடத்தி, கண்ணெதிரே வண்ணப் பொம்மைகள் தொங்கும் கம்பியை ஆட்டினார்கள். முன்பின் கேட்டிராத குரலை டேப்பில் ஓடவிட்டார்கள். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை மூக்கருகே காட்டினார்கள். அவ்வளவுதான் சோதனை.

சுமார் 40 சதவீதக் குழந்தைகள் அசையவில்லை. பொம்மையைப் பார்த்தன, கொட்டாவி விடாத குறைதான். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் காலை உதைத்தன, முதுகை வில்லாக வளைத்தன, சிணுங்கி அழுதன. மற்றவை இடைப்பட்ட ரகம். இப்போது சொல்லுங்கள், இவற்றில் எது பின்னாளில் கூச்சப்படும் பிள்ளை? சாதுவாகக் கிடந்ததுதான் என்று பலரும் நினைப்பார்கள். உதைத்து அழுததுதான். புதிதாக ஒன்றைக் கண்டதும் உடம்பு சட்டென்று விழித்துக்கொள்கிற குழந்தைகள் அவை. நடக்கத் தொடங்கிய வயதில், தெரியாத ஆள் அறைக்குள் வந்தால் அம்மாவை ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் அவையே.

இதற்குத் தொடர்ச்சியாக ஒன்று உண்டு. இரண்டு வயதில் கூச்சப் பிள்ளைகள் என்று குறித்துவைத்த வேறொரு குழு, இருபது வயதைத் தாண்டியது. கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற மனநல மருத்துவர் அவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, முதலில் சில முகங்களைப் பழக்கப்படுத்தினார், பிறகு நடுநடுவே புது முகங்களைக் காட்டினார். மூளைக்குள் அமிக்டலா என்று வாதுமைப் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தா இல்லையா என்று முதலில் முகர்ந்து பார்க்கிற வேலை அதனுடையது. புது முகம் வரும்போதெல்லாம் அந்தப் பகுதி இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தது. 2003இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளிவந்தது. இவர்களில் பலர் வெளிப்பார்வைக்கு நன்றாகத் தேறி, நாலு பேரோடு பழகுகிறவர்களாக ஆகியிருக்கக்கூடும். உள்ளே இருக்கிற காவல்காரர் மட்டும் வேலையை விட்டுப் போகவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கேகனே திரும்பத் திரும்பச் சொன்னார்: இது தலையெழுத்து இல்லை. உதைத்து அழுத குழந்தைகளில் பலர் வளர வளர நடுவாந்தர ரகத்துக்கு வந்துவிட்டார்கள். எதற்கும் அஞ்சாத வாயாடியாக மாறியவர்கள்தான் மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தனிமை விரும்பியும் கூச்சக்காரரும் ஒன்றல்ல. கல்யாண வரவேற்பில் கடைசி வரிசை நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அந்த நாற்காலியே சொர்க்கம். பந்திக்குக் கூப்பிடும்வரை யாரும் வந்து பேசாமல் இருந்தால் சரி. இன்னொருவருக்கு அந்தச் சிரிப்பும் சத்தமும் நிறைந்த கூட்டத்துக்குள் போக வேண்டும். போய்ச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறார், அதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. இரண்டாமவர்தான் கூச்சக்காரர். ஜொனாதன் சீக், ஆர்னால்ட் பஸ் என்ற இருவர் 1981இலேயே இவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும், அது வேறு.

சரி, இப்படி ஒரு குணம் எதற்கு? அழிந்துபோயிருக்க வேண்டாமா? நெதர்லாந்தில் ஒரு சின்னப் பறவை வகையை ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். புது இடத்தில் விட்டால் துணிந்து சுற்றுகிற பறவைகளும் உண்டு, தயங்கி நிற்பவையும் உண்டு. சில ஆண்டுகளில் துணிந்தவை அதிகம் பிழைத்தன, சில ஆண்டுகளில் தயங்கியவை. குளிர்காலத்தில் இரை தாராளமா, பஞ்சமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறியது. எந்த ஆண்டு எப்படி வரும் என்று தெரியாதபோது, இரண்டு ரகத்தையும் இயற்கை கையில் வைத்துக்கொள்கிறது. பறவையை வைத்து மனிதரை அளக்க நான் வரவில்லை. ஆனால் தயக்கம் என்பதே கோளாறு என்று சொல்கிறவர்கள் இதையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சின்யின் சென் என்ற ஆய்வாளர் ஷாங்காய் நகரத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மூன்று முறை ஆராய்ந்தார்: 1990, 1998, 2002. 1990இல் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பில் நல்ல பெயர். கூடப் படிப்பவர்கள் விரும்பினார்கள், ஆசிரியர்கள் பொறுப்பானவர்கள் என்று மெச்சினார்கள், படிப்பிலும் தலைமைப் பொறுப்பிலும் அவர்கள் முன்னால் நின்றார்கள். அடக்கம், நிதானம் என்று ஊர் அதைப் படித்தது. 1998இல் படம் கலங்கலாக இருந்தது. 2002இல் தலைகீழ்: அதே குணமுள்ள பிள்ளைகளைச் சகமாணவர்கள் ஒதுக்கினார்கள், பள்ளியில் சிக்கல், மனச்சோர்வு. பன்னிரண்டே ஆண்டுகளில் பிள்ளைகளின் நரம்பு மண்டலம் மாறிவிடவில்லை. ஷாங்காய் மாறியிருந்தது. சந்தைப் பொருளாதாரம் வந்தது, தனியார் வேலைகள் வந்தன, நான் முன்னே நீ முன்னே என்ற போட்டி வந்தது. தன்னைத் தானே எடுத்துவைக்கத் தெரிந்த பிள்ளைதான் வேண்டும் என்று பள்ளிகளே சொல்லத் தொடங்கின.

இதற்கு இணையாக இன்னொரு ஜோடி. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். கூச்சப்பட்ட பையன்கள் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் தாமதமாகக் கல்யாணம் செய்தார்கள், தாமதமாகத் தகப்பன் ஆனார்கள், நிலையான வேலையிலும் தாமதமாகவே உட்கார்ந்தார்கள். அதே கேள்வியைச் சுவீடனில் 1950களின் நடுவில் பிறந்தவர்களிடம் கேட்டபோது, அங்கும் கூச்சப் பையன்களுக்குக் கல்யாணம் தள்ளித்தான் போயிருந்தது. ஆனால் வேலையில் அடி விழவில்லை. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளாதவரையும் அந்த நாட்டு வேலைச் சந்தை ஏற்றுக்கொண்டது. பெர்க்லிப் பெண்களின் கதை இன்னும் சுவாரஸ்யம்: கூச்சப்பட்ட பெண்களுக்குக் கல்யாணத்தில் எந்தத் தாமதமும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் பையன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெண் காத்திருந்தால் போதும்.

நம் வீடுகளுக்கு இது புதிதா என்ன? "பொண்ணு ரொம்ப அடக்கம், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டா" என்பது இரண்டு தலைமுறைக்கு முன் தரகர் முதலில் சொல்கிற தகுதி. அதே வீட்டுப் பேத்தி இன்று கேம்பஸ் இன்டர்வியூவில் அப்படி உட்கார்ந்திருந்தால் "கம்யூனிகேஷன் போதாது" என்று அனுப்பிவிடுவார்கள். பாட்டிக்குக் கிடைத்த பாராட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்த்துப் பேசாத பெண் எல்லாருக்கும் வசதி, அவ்வளவுதான். பேத்திக்குக் கிடைத்த தீர்ப்பும் அதே மாதிரிதான். குரூப் டிஸ்கஷனில் பத்துப் பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, யார் முதலில் பாய்கிறார் என்று பார்க்கிறார்கள். தேர்வான பின் அவர் செய்யப்போவது பெரும்பாலும் கணினி முன் தனியே உட்கார்ந்து பிழை தேடுகிற வேலை.

கூச்சம் என்றதும் காந்தியை இழுக்காமல் விட முடியாது. 'சத்திய சோதனை'யில் அவரே விரிவாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். லண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டங்களில் வாயே திறந்ததில்லை. டாக்டர் அல்லின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து நீக்கும் பேச்சு வந்தபோது, அது தவறு என்று இவருக்குத் தோன்றியது. எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கத் தைரியம் வரவில்லை. தலைவர் இன்னொருவரைப் படிக்கச் சொன்னார். அல்லின்சன் பக்கம் தோற்றது. 1891இல் ஊர் திரும்புமுன் ஹோல்பர்ன் உணவகத்தில் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டும் என்று, பாராளுமன்றத்தில் பேச எழுந்து மூன்று முறை ஒரே சொல்லில் திணறிய ஆங்கில எழுத்தாளர் அடிசனின் கதையை முன்னுரையாகத் தயாரித்துக்கொண்டு போனார். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் மறந்துபோனது. வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். திணறிய ஆளைப் பற்றிய கதையில் தானே திணறியது, சொல்லப்போனால், அவர் திட்டமிட்டதைவிட நல்ல நகைச்சுவை.

பம்பாயில் முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கை வேறொரு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவுக்குப் போன பிறகுதான், பிரிட்டோரியாவில், வியாபாரிகள் கூடியிருந்த ஒரு வீட்டில் முதல் முறையாகக் கூட்டத்தில் பேசினார். கூச்சம் முற்றிலும் போய்விட்டதாக அவர் பின்னாளிலும் சொல்லவில்லை. வார்த்தையை அளந்து பேசும் பழக்கம் அதனால் வந்தது, அந்தக் கூச்சமே தனக்குக் கவசம் என்றார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: லண்டனில் அவருக்கு வாய் வராதபோது, எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிற ஒரு தலைவர் இருந்தார். அவர் கருத்து அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

கூச்சக்காரர்கள் எல்லாரும் காந்தி ஆகப்போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. கூச்சத்தை ரகசிய வரம், மௌன சக்தி என்று புகழ்கிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அதிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. கேட்க நினைத்த சந்தேகத்தைக் கேட்காமலே வகுப்பு முடிந்துபோகிற வலியை அனுபவித்தவர், அதை வரம் என்று சொல்ல மாட்டார்.

அப்படியானால் என்னதான் செய்வது என்பீர்கள். கேகன் குழுவினர் வீடுகளுக்கும் போய்ப் பார்த்தார்கள். உதைத்து அழுத குழந்தை முகம் சுளிக்கும் முன்பே தூக்கி அணைத்து, எதிலிருந்தும் காப்பாற்றிய வீடுகளில் அச்சம் தங்கிவிட்டது. சின்னச் சின்ன ஏமாற்றங்களைத் தானே சமாளிக்கவிட்ட வீடுகளில் குறைந்தது. ஏற்றுக்கொள்வது என்றால் பொத்திவைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்காரர் "உன் பேர் என்ன பாப்பா" என்று கேட்டால் நாம் முந்திக்கொண்டு சொல்லாமல், பத்து விநாடி காத்திருக்கலாம். சொல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த முறை அதே கடைக்குப் போகலாம்.

நேரம் கொடுப்பது பற்றி டார்வினிடம் ஒரு குறிப்பு இருக்கிறது. தன் மகனின் குழந்தைப் பருவத்தைப் பற்றி 1877இல் எழுதினார். சம்பவம் நடந்தபோது பையனுக்கு ஏறத்தாழ இரண்டேகால் வயது. சில நாள் வெளியூர் போய்விட்டு அப்பா வந்ததும், கண்ணை நேரே பார்க்காமல் சற்றுத் திருப்பிக்கொண்டான். சொந்த அப்பாவிடமே. கொஞ்ச நேரத்தில் தானாக வந்து மடியில் உட்கார்ந்து முத்தம் கொடுத்தான். வந்தவுடன் தூக்கு, முத்தம் கொடு, பாட்டுப் பாடு என்று யாரும் விரட்டியதாக அந்தக் குறிப்பில் இல்லை.

எல்லாமே இயல்பு என்று விட்டுவிடக் கூடாத இடமும் உண்டு. நாலு பேர் முன்னால் சாப்பிட முடியவில்லை, வாய்மொழித் தேர்வுக்குப் போகவே முடியவில்லை, போன் மணி அடித்தாலே வியர்க்கிறது, இது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து படிப்பையோ பிழைப்பையோ முடக்குகிறது என்றால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். சி.பி.டி. எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை அதற்கு நன்றாகவே பலன் தருகிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416க்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்குக் கேட்கப்போகிற கேள்வியை இன்றைக்கே கரும்பலகையில் எழுதிப்போட்டு, முதலில் பக்கத்து பெஞ்சோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு, பிறகு வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். வழக்கமாகக் கை தூக்குகிற மூன்று பேர் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.