நாகம்மாள் கேட்ட பங்கு: விக்டோரிய நாவல்களும் ஒரு கொங்கு நாவலும்

இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறோம். விக்டோரிய காலத்து ஆங்கில நாவல்களைப் பற்றிப் பேசினாலும் இதே வாசகம்தான் முதலில் வரும். டிக்கன்ஸ் கதையில் அநாதைப் பையன் வருவான், ஆலைப்புகை வரும், உடனே "அந்தக் காலத்தை அப்படியே காட்டிட்டார்" என்று முடித்துவிடுவோம். ஆனால் கண்ணாடி கேள்வி கேட்காது. நல்ல நாவல் கேட்கும். ஒரே கதை தன் காலத்தைக் காட்டவும் செய்து, அதோடு மல்லுக்கும் நிற்பது எப்படி?

இதைப் பிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி ஒன்று உண்டு. கதாபாத்திரங்கள் பேசுகிற வசனத்தை விடுங்க. சொத்து யார் பேரில் இருக்கிறது, கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்க.

முதலில் இங்கிலாந்து. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837-ல். அன்றைய பொதுச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற கணக்கே கிடையாது. அவள் சம்பாதித்தாலும் அது புருஷனுடையது. பெரிய வீட்டுப் பெண்களுக்கு டிரஸ்ட் மாதிரி ஏற்பாடு செய்து கொஞ்சம் காப்பாற்றுவார்கள். மற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. தன் சம்பாத்தியம் தனக்கே என்ற உரிமை 1870-ல்தான் வந்தது. முழுச் சொத்துரிமைக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆன் பிராண்டி எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' வந்தது 1848-ல், அதாவது முதல் சட்டத்துக்கு 22 வருஷம் முன்னால். குடிகாரப் புருஷனை விட்டு மகனோடு வெளியேறுகிறாள் ஹெலன். ஓவியம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். இன்றைக்குப் படித்தால் தைரியமான பெண் என்று தோன்றும், அவ்வளவுதான். ஆனால் அன்றைய சட்டப்படி அவள் வாங்கும் காசு புருஷன் காசு, பிள்ளையையும் அவன் உரிமை கோரலாம். பேரை மறைத்துக்கொண்டு அவள் வாழ்வதற்கு இதுதான் காரணம். இந்த நாவலுக்கு இப்படி ஒரு விஷயத்தை எடுத்ததே தப்பு என்று ஆனின் சொந்த அக்கா சார்லட்டே பிற்பாடு எழுதினார்.

1871-72-ல் வந்த ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலில் கசாபன் என்ற வயதான பண்டிதர் செத்துப்போகிறார். விதவையான டொரோதியா குறிப்பிட்ட ஒரு இளைஞனைக் கட்டிக்கொண்டால் தன் சொத்து அவளுக்குக் கிடையாது என்று உயிலில் ஒரு பிற்சேர்க்கை எழுதி வைத்துவிட்டுப் போகிறார். செத்த பிறகும் உயில் வழியாகப் பெண்டாட்டியை ஆள நினைக்கிற மனுஷன்!

அந்த ராணியின் காலத்திலேயே நாவல் என்ற வடிவம் நம்ம பக்கமும் வந்துவிட்டது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. ஆனால் பெண்ணும் சொத்தும் என்ற இந்தக் கேள்வி கொங்கு மண்ணில் முழு வேகத்தோடு எழுந்தது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில். அது வந்தது 1942-ல். தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் பலர் இதைச் சொல்வதுண்டு. கொங்குப் பேச்சு, காடு, தோட்டம், பண்ணயம் எல்லாம் இதில் அசலாக வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையையே சொல்லிச் சொல்லி, நாவலின் நடுவில் இருக்கும் வழக்கை மறந்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வழக்கு இதுதான். நாகம்மாள் புருஷனை இழந்தவள், ஒரே ஒரு பெண்குழந்தை. புருஷனோடு கூடப்பிறந்த சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஊரில் அடங்காத ஆளான கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். மணியக்காரரின் தூண்டுதலும் சேர்ந்துகொள்ள, செத்துப்போன புருஷனின் பாகத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அது சண்டையாகி, கடைசியில் சின்னப்பனின் உயிரே போகிறது.

அவள் கேட்டது நியாயமா? இங்கேதான் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

பழைய முறையில், பாகம் பிரியாத குடும்பத்தில் ஆண்வாரிசு இல்லாமல் ஒருத்தன் செத்தால் அவன் பங்கு மற்ற ஆண்களோடு சேர்ந்துவிடும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். சோறும் துணியும் உண்டு, நிலம் இல்லை. 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமைதான் என்றாலும், புருஷனுக்கு இருந்த பங்கு விதவைக்கு உண்டு, பாகம் பிரிக்கச் சொல்லியும் கேட்கலாம் என்றது. ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் வருவது, ஆகவே இந்த மத்தியச் சட்டம் அதற்குச் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மாகாணமாவது சட்டம் போடலாம் என்றால், 1939-லேயே ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்து சென்னை மாகாணம் கவர்னர் ஆட்சிக்குப் போயிருந்தது. விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையை நீட்டிச் சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947-ல்.

ஆக, 'நாகம்மாள்' வெளியான 1942-ல் டவுனில் வீடு வைத்திருந்தவனின் விதவை பங்கு கேட்கலாம். காடு வைத்திருந்த குடியானவனின் விதவை கேட்க முடியாது. சண்முகசுந்தரம் சட்டக் கட்டுரை எழுதவில்லை, ஒரு குடும்பத்தின் கதையைத்தான் எழுதினார். ஆனாலும் அந்தக் கதை சரியாக அந்த ஓட்டை மேலேயே நிற்கிறது.

இனி முடிவுகளைப் பார்ப்போம். ஹெலன் கதையில் புருஷன் நோயில் விழுகிறான், அவளே திரும்பிப் போய்ப் பணிவிடை செய்கிறாள், அவன் செத்துப்போகிறான். மாமா சொத்தும் அவளுக்கு வந்து சேர்கிறது. டொரோதியா கசாபன் சொத்தே வேண்டாம் என்று விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்தவனைக் கட்டுகிறாள். இருவருமே உத்தமிகள். வாசகர் பரிதாபப்பட வேண்டுமென்றால் பெண் குறையில்லாதவளாக இருக்கணும். சிக்கலை ஒரு சாவோ ஒரு தியாகமோ தீர்த்து வைக்கணும். அந்தக் காலத்தை எதிர்த்த நாவல்களும் இந்த ஒரு விஷயத்தில் காலத்துக்குக் கட்டுப்பட்டன.

நாகம்மாளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவள் வாய்த்துடுக்கானவள், பிடிவாதக்காரி, ஊர் வாயில் விழுந்தவள். சின்னப்பனோ நல்ல மனுஷன், உழைப்பாளி. கதை முடியும்போது வாசகருக்குக் கோபம் அவள் மேல்தான் வரும். அந்த விதத்தில் நாவல் தன் ஊரின் கண்ணாடிதான். "பொம்பளை பங்கு கேட்டா குடும்பம் என்னாகும் பார்" என்கிற ஊர்ப்பேச்சுக்கு இது உதாரணம்கூட ஆகிவிடலாம்.

ஆனால் கோபம் ஆறியதும் ஒன்று உறைக்கும். சின்னப்பன் நல்லவன் என்பதால் நாகம்மாளுக்குப் பங்கு இல்லாமல் போய்விடுமா? உரிமை என்பது நல்ல நடத்தைக்குக் கிடைக்கும் பரிசா? உத்தமியாக இல்லாத ஒரு பெண்ணின் கையில் நியாயமான கோரிக்கையைக் கொடுத்ததுதான் இந்த நாவல் செய்த பெரிய காரியம். விக்டோரிய நாவல்கள் இரக்கத்தை வைத்துக் கேட்டதை, இது இரக்கத்தின் துணை இல்லாமலே கேட்கிறது.

அதற்குப் பிறகு சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. 1956-ல் விதவையின் ஆயுள் உரிமை முழு உரிமையானது. 1989-ல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்க. அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அக்கா தங்கைகளை இன்றும் பார்க்கலாம். "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இனி எதுக்குப் பங்கு?" என்ற பேச்சும் நின்றபாடில்லை. கையெழுத்துப் போடுகிறவள் நல்ல பெண், போடாதவள் பேராசைக்காரி. கோயமுத்தூரைச் சுற்றி நிலம் சென்ட் கணக்கில் விலை ஏற ஏற, அந்த நல்ல பேருக்கு அவள் கொடுக்கும் விலையும் ஏறுகிறது.

ஹெலன் நின்ற சட்டமெல்லாம் போய்ச்சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேலாச்சு. அவள் கதையை நாம் நிம்மதியாக ரசிக்கலாம். நாகம்மாள் மேல் நமக்கு வரும் கோபம் மட்டும் இன்னும் பழசாகவில்லை. அடுத்த தடவை படிக்கும்போது அந்தக் கோபம் எந்தப் பக்கத்தில் வருகிறது, எதனால் வருகிறது என்று கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.