தாய்வீடு தூரம், லேடீஸ் பெட்டி பக்கம்

மும்பைக்கு வாழ வந்த தமிழ்ப் பெண்ணுக்குத் தாய்வீடு ஆண்டுக்கு ஒரு முறைதான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, கணவனின் லீவு, ஊருக்குப் போகும் ரெயிலில் இடம் மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தால் அதுவும் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு.

மனசு கனக்கும்போது ஒரு நடை போய் அழுதுவிட்டு வர, நெல்லையும் பக்கத்தில் இல்லை. தஞ்சையும் பக்கத்தில் இல்லை.

அப்படியானால் அவள் தன் வீட்டுக் கஷ்டத்தை யாரிடம் சொல்லுகிறாள்?

காலை நேரத்தில் கல்யாண், டோம்பிவிலி, தானே, முலுண்ட் ரெயில் நிலையங்களில் கொஞ்சம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். லேடீஸ் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அங்குலம் பிசகாமல் தெரிந்து வைத்துக்கொண்டு, நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய பெண்கள் அங்கே கூடி நிற்கிறார்களே, அவர்களிடம்தான்!

நாலாவது சீட்

லோக்கல் ரெயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்கு பேர் உட்காருவது வழக்கம். கடைசியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறவளுக்குப் பாதி இடந்தான் கிடைக்கும். அதற்கு 'நாலாவது சீட்' என்றே பெயர்.

முன்பின் தெரியாதவர்களிடையே அந்தப் பாதி இடத்துக்காகச் சண்டை நடக்கும். ஆனால் சினேகிதிகள் கூட்டத்தில் கணக்கே வேறு. தானே வரை ஒருத்தி உட்காருவாள். காட்கோபர் வரை இன்னொருத்தி. முழங்கால் வலிக்காரியை யாரும் எழுந்திருக்கச் சொல்லுவதில்லை.

டோம்பிவிலியில் இருந்து போரிபந்தர் நிலையம் 48 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரத்துக்கு மேல். வர ஒரு மணி நேரத்துக்கு மேல். நாள் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ரெயிலிலேயே கழிந்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவள் என்றால், கட்டிய கணவனோடு உட்கார்ந்து பேசியதைவிட இவர்களோடு பேசியதுதான் அதிகம்.

இவர்களில் வங்கிக் குமாஸ்தா உண்டு. இன்சூரன்ஸ் ஆபீசில் பைல் பார்க்கிறவள் உண்டு. பள்ளி ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ், தையல் வேலைக்குப் போகிறவள் எல்லோரும் உண்டு. ஒருத்தி தமிழ், அடுத்தவள் மராத்தி, மூன்றாமவள் மலையாளம், நாலாவது சீட்டில் குஜராத்தி.

மராத்தியில் அக்காளை 'தாயீ' என்று கூப்பிடுவார்கள். ஊரில் இருந்து புதிதாக வந்த தமிழ்ப் பெண்ணின் காதில் அது அம்மாவைக் கூப்பிடுவதுபோல் விழும். முதல் நாள் திகைத்துப் போகிறவள், ஆறு மாதத்தில் தானும் 'தாயீ' என்று கூப்பிடப் பழகிவிடுகிறாள். அப்புறம் அக்காள் என்ற பொருளில் கூப்பிடுகிறாளா, அம்மா என்ற பொருளில் கூப்பிடுகிறாளா என்று அவளுக்கே தெரியாது!

வாயும் ஓயாது, கையும் ஓயாது

மாலையில் திரும்பும் ரெயிலைப் பார்க்க வேண்டும். தாதரில் வாங்கிய காய்கறி, பைக்குள்ளிருந்து மடிக்கு வந்துவிடும். ஒருத்தி வெந்தயக் கீரை ஆய்வாள். ஒருத்தி பட்டாணி உரிப்பாள். கத்தியும் பிளாஸ்டிக் டப்பாவும் கொண்டு வந்து பீன்ஸ் நறுக்குகிறவளும் உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே வாணலியில் போட வேண்டியதுதான் பாக்கி.

இது பொழுதுபோக்கு அல்ல. வீட்டில் போய் அதைச் செய்ய நேரம் கிடையாது.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்கிற ஆண் 97 நிமிடம் செலவிடுகிறான். வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்!

இத்தனைக்கும் நடுவே கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் நாளுக்கு ஒரு நிறத்தில் சேலை கட்டிப் பெட்டியே நிறம் மாறும். தசராவுக்குப் பெட்டியில் தோரணம் கட்டிப் பூஜை நடக்கும். தை பிறந்தால் மஞ்சள் குங்குமமும் எள்ளுருண்டையும் கை மாறும்.

என்னதான் பேசுகிறார்கள்?

"ரெயிலில் என்ன, ஊர் வம்புதானே!" என்று வீட்டில் கேலி செய்வது உண்டு. வம்பும் உண்டுதான். சேலை உண்டு, சீரியல் உண்டு, நாத்தனார் உண்டு. ஆனால் முலுண்ட் தாண்டிக் குரல் தணியும்போது பேச்சு வேறு.

வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்த கணவர், குக்கர் எத்தனை விசில் என்று எண்ணுகிறார். ஆனால் அடுப்பை அணைக்க எழுந்திருப்பதில்லை.

மாமியாருக்கு ஞாபகம் தவறுகிறது. சாப்பிட்டதை மறந்து, மருமகள் சோறு போடவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லுகிறார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கோபம் வராமலும் இல்லை.

ஊரில் தன்னைப் பெற்ற தாய் தனியே இருக்கிறாள். சொந்தச் சம்பளத்தில் அவளுக்குப் பணம் அனுப்பக் கணவனின் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

"உனக்கு ஒன்றும் தெரியாதும்மா" என்று மகன் சொல்லுகிறான். அவனுடைய கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் விண்ணப்பம் பூர்த்தி செய்தவள் அவள்தான்.

பிறகு, உடம்பு. 45 வயதில் இருந்து 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கும் காலம் வருகிறது. நடு இரவில் உடம்பு தீயாய் எரியும். விடிந்தால் வேர்த்துக் கொட்டும். காரணம் இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். வீட்டில் இதைச் சொன்னால் 'டென்ஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். "எனக்கும் இப்படித்தான் இருந்தது, பயப்படாதே. ஆனால் நின்ற பிறகு திரும்ப உதிரம் பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே, டாக்டரிடம் போ" என்று சொல்லுகிறவள் எதிர் சீட்டுக்காரிதான். உயிரைக் காக்கும் பேச்சு இது. வம்பு என்று இதைத் தள்ள முடியுமா?

இன்னும் ஒன்று உண்டு. கன்னத்தில் அன்றைக்குப் பவுடர் கொஞ்சம் அதிகமாக இருந்தால், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜன்னல் ஓர சீட்டை அவளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் வாய் திறக்கும் நாளில், 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஆபீசில் கேட்டு வந்து ஒருத்தி சொல்லுகிறாள்: வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அவன் நினைத்த மாத்திரத்தில் அவளை வெளியே தள்ள முடியாது.

பேச்சோடு நிற்பதில்லை

இந்தக் கூட்டங்களில் மாதச் சீட்டு நடப்பது உண்டு. 'பிஷி' என்பது இங்கே அதற்குப் பெயர். எழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. தினம் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதுதான் ஜாமீன்! மகளின் பிரசவம், மகனின் கட்டணம், திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவு என்று யாருக்கு அவசரமோ அவளுக்குச் சீட்டை விட்டுக் கொடுக்கிறார்கள்.

படிவ விவகாரங்களும் இங்கேதான் தீருகின்றன. வங்கிக் கணக்கில் வாரிசு பெயர் சேர்த்தாயா, சொசைட்டியில் நாமினேஷன் கொடுத்தாயா, குடும்பப் பென்ஷனுக்கு உன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுச் செய்ய வைத்துவிடுகிறார்கள். கணவன் கண்ணை மூடிய பிறகு காகிதத்தைத் தேடி அலையும் துன்பத்தை ஒருத்தி பட்டிருப்பாள். மற்றவர்கள் அதைப் பட வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

தாராவி வாசற்படி

ரெயில் ஏறாதவர்களுக்கு இந்த வசதி இல்லையா? உண்டு. தாராவியில் அது வாசற்படி.

நெல்லைச் சீமையில் இருந்து வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். விடியுமுன் இட்லி வேக வைத்து, தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் வியாபாரத்துக்கு அனுப்பிவிடுகிற பெண்களுக்கு, தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, அடுத்த நாள் மாவுக்கு அரிசி ஊறப் போட்ட பிறகு, பிற்பகலில் அரை மணி நேரம் கிடைக்கும். சந்தில் எதிரெதிர் படிகளில் உட்கார்ந்துகொள்ளுவார்கள். "மதினி, ராத்திரி என்ன உங்க வீட்டுல சத்தம்?" என்று ஒருத்தி தொடங்குவாள். பிறகு பேச்சு தானாக நடக்கும்.

ரெயில் நின்ற நாட்கள்

இந்த நேரம் எவ்வளவு பெரியது என்பது 2020-ல் தெரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாவால் லோக்கல் ரெயில் நின்றது. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. ஒரே அறையில் ஒருவர் ஆபீஸ் வேலை பார்த்தார். ஒருவர் பாடம் கேட்டார். அவளுக்கு மட்டும் தனியே இரண்டு வார்த்தை பேச இடம் இல்லை. குளியல் அறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சினேகிதிக்குப் போன் செய்தவர்களும் உண்டு.

அத்தியாவசியப் பணியில் இல்லாத பெண்களையும் குறிப்பிட்ட நேரங்களில் ஏற்றிக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபர் 21 முதல் அனுமதி வந்தது. எல்லோருக்கும் ரெயில் திறந்தது 2021 பிப்ரவரி 1-ல். திரும்பி வந்தபோது சில பெட்டிகளில் சில இடங்கள் காலியாகவே இருந்தன. வேலை போனவர்கள், வீட்டில் இருந்தே வேலை என்று ஆனவர்கள், நோய்க்குப் பலியானவர்கள்.

பாஸ் முடியும் நாள்

கொரோனா போய்விட்டது. ஆனால் ஒவ்வொருத்திக்கும் ரெயில் நிற்கும் நாள் ஒன்று காத்திருக்கிறது. அது 58 வயதிலோ 60 வயதிலோ வரும் ஓய்வு நாள்.

அன்று பெட்டியில் பேடா கொடுப்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். "அடிக்கடி வா" என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். பாஸ் அந்த மாதத்தோடு முடிகிறது.

ஆண் ஓய்வு பெற்றால் அவனுக்குப் பூங்கா இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது. பெண் ஓய்வு பெற்றால் ஆபீஸில் இருந்துதான் ஓய்வு. அடுப்பில் இருந்து இல்லை. "இனிமேல் வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பேரக் குழந்தையும் மாமியாரின் மருந்துப் பெட்டியும் சேர்ந்து கைக்கு வந்துவிடுகின்றன. வெளியே கிளம்பக் காரணம் கேட்கப்படுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தினம் கிடைத்த காது, ஒரே நாளில் இல்லாமல் போகிறது.

சிலர் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மாட்டுங்காவில் சந்திக்கிறார்கள். 2017-ல் முழுக்க முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையமாக மாற்றப்பட்டதே, அதே மாட்டுங்காதான். பூக்கடைத் தெருவில் பூ வாங்கி, கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, ஒரு டிகாக்‌ஷன் காபியோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, மூன்று மணி லோக்கலில் திரும்பிவிடுகிறார்கள். செலவு அதிகம் இல்லை. வீட்டார் சம்மதந்தான் வேண்டும்.

உத்தியோகத்துக்குப் போகும் ஆண்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் வீட்டில் சொல்லாமல் விட்ட கோபத்தை எல்லாம் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுத் தணித்து அனுப்பியவர்கள் அந்தப் பெட்டியில் இருந்த பெண்கள்தான். வீட்டின் அமைதியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மாதத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை வீட்டில் இருப்பவர்களே கவனித்துக்கொள்ளலாம். மாமியாருக்கு மாத்திரையை மகன் எடுத்துக் கொடுக்கலாம். குக்கர் விசிலை எண்ணத் தெரிந்தவருக்கு அடுப்பை அணைக்கவும் தெரியும்.

ஊரில் இருந்திருந்தால், "அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பியிருப்பாள். எதற்கு என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே, "சினேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அவள் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை.