உயிர்காக்கும் கரைசலும் அதன் செறிவும்

கரைசல் என்றவுடன் வேதியியல் ஆய்வுக்கூடமும், அங்கே பியூரெட்டின் முனையில் திரண்டு நிற்கும் துளியுமே மாணவர் பலருக்கு நினைவில் வரும். ஆயின் நாம் பருகும் நன்னாரி சர்பத்தும் கரைசலே. கடல்நீரும் கண்ணீரும் கரைசல்களே. கரைவது கரைபொருள், கரைத்துக்கொள்வது கரைப்பான், இரண்டும் இரண்டறக் கலந்தது கரைசல். இம்மூன்று சொற்களையும் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். நான்காவது சொல்லாகிய ‘செறிவு’ என்பதைத்தான் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு மருத்துவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எழுதித் தருகிறார். ஒரு லிட்டர் நீருக்குரிய அப்பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தம்ளர் நீரில் கொட்டிக் கலக்கும் வழக்கத்தை நாம் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். மருந்து கூடினால் குணமும் கூடும் என்பது அவர்தம் எண்ணம். படித்தோர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைச் செறிவின் கணக்கே காட்டும்.

குறிப்பிட்ட அளவு கரைசலில் கரைபொருள் எவ்வளவு உள்ளது என்பதே செறிவு. சர்பத்தின் செறிவை நாவே சொல்லிவிடும். ஆனால் ஒருவர் நாவுக்குத் திகட்டுவது மற்றவருக்கு இனிக்கும். ஆதலின் எண் தேவைப்படுகிறது. நரம்பின் வழியே ஏற்றப்படும் உப்புநீர்ப் புட்டியில் 0.9 விழுக்காடு என்றிருந்தால், 100 மில்லி லிட்டரில் 0.9 கிராம் உப்பு என்பது பொருள். குடிநீரில் உள்ள ஃபுளோரைடு போன்று மிகச் சிறிதளவே கரைந்திருப்பவற்றைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பர். நார்மாலிட்டி, மோலாலிட்டி என்பன வேறு சில அளவைகள். அவற்றைப் பாடநூலுக்கே விட்டுவிடுவோம். ஈண்டு நமக்கு வேண்டியது மோலாரிட்டி.

ஒரு கிலோ மிளகும் ஒரு கிலோ தேங்காயும் எடையில் ஒன்றே, எண்ணிக்கையில் ஒன்றாகுமா? மூலக்கூறுகளின் நிலையும் அதுவே. ஒன்று கனமானது, மற்றொன்று இலேசானது. வேதிவினையில் பங்கு கொள்வதோ எண்ணிக்கை, எடையன்று. ஆகவே ஒரு பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்து, அதனை ஒரு மோல் என்றனர். எப்பொருளாயினும் ஒரு மோலில் அடங்கும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் உள்ளது என்பதே மோலாரிட்டி. மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்.

இனிப் பொட்டலத்தைப் பிரிப்போம். 2002ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி, ஒரு லிட்டருக்குச் சமையலுப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஆக மொத்தம் 20.5 கிராம். எடையைப் பார்த்தால் இனிப்பு மிகுதி, உப்பு குறைவு என்றே தோன்றும். மோல் கணக்கிட்டுப் பாருங்கள். குளுக்கோசின் மூலக்கூறு எடை 180, 13.5 கிராம் என்பது 75 மில்லிமோல். சமையலுப்பின் எடை 58.5, அதிலிருந்து ஏறத்தாழ 44 மில்லிமோல் சோடியம் கிடைக்கிறது, எஞ்சியதைச் சிட்ரேட் தருகிறது. கூட்டினால் சோடியமும் 75! தராசில் ஏறியிறங்கும் இரு பொருள்கள் எண்ணிக்கையில் சமமாக நிற்கின்றன.

இச்சமநிலை தற்செயலன்று. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்தே உட்புகுகின்றன என்னும் கருத்தை 1960இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். அவை புகும்போது நீரும் பின்தொடர்கிறது. காலராவால் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும் இவ்வாயில் மூடுவதில்லை. வெறும் உப்புநீரைக் குடித்துப் பயன் பெறாத நோயாளி, அதில் குளுக்கோஸ் சேர்ந்ததும் தேறுவது இதனாலேயே.

1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர ஊரான போன்கானில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கல்கத்தாவில் பொட்டலமிட்டு வரவழைத்து, கலங்களில் கரைத்து வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை நெருங்கியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது. புகட்டியோர் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. 2022இல் மறைந்த அப்பெருமகனாருக்கு 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் உயிரோடிருந்தபோதே அளித்திருக்கலாம் என்பது எம் ஆதங்கம்.

மீண்டும் அந்தத் தம்ளருக்கு வருவோம். முறைப்படி கலந்த கரைசலில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. ஆக லிட்டருக்கு 245 மில்லிமோல் துகள்கள். நம் குருதியில் இது ஏறத்தாழ 290. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கு நீர் செல்வது சவ்வூடு பரவலின் நியதி. ஆதலின் கரைசலிலிருந்து நீர் குருதிக்குச் செல்கிறது. முழுப் பொட்டலத்தையும் 200 மில்லி லிட்டரில் கலந்தாலோ 245 என்பது ஐந்து மடங்காகி 1225 ஆகிறது. அப்போது நீரின் பயணம் திசை மாறுகிறது; குழந்தையின் உடலிலிருந்து குடலுக்கு நீர் இறங்குகிறது. போக்கு மிகும், குருதியில் உப்பு ஏறும், வலிப்பும் நேரலாம். அந்தத் தம்ளரின் சோடியம் 375 மில்லிமோல். கடல்நீரின் சோடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. தாகத்தால் தவிக்கும் பிள்ளைக்குக் கடல்நீரைக் கொடுப்பார் உண்டோ?

மாறாக, நீரைக் கூட்டினால் இத்தகைய கேடில்லை எனினும், இழந்த உப்பு போதிய அளவு ஈடாகாது. பழைய சூத்திரத்தில் 311ஆக இருந்த மொத்தச் செறிவை 245ஆகக் குறைத்ததுங்கூட, போக்கும் வாந்தியும் தணிவதை ஆய்வுகளில் கண்ட பின்னரே.

பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். கரண்டி தலைதட்டியதாக இருக்கவேண்டும். வங்கதேசத்தில் 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மார்களுக்குக் கற்பித்தனர். எழுத்தறியாத அத்தாய்மார்கள் கலக்கிய கரைசல்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்தனர். நம் மாணவர் பியூரெட்டைக் கொண்டு செய்வதை அவர்கள் விரல்களைக் கொண்டு செய்தனர்.

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி, சர்க்கரை மிகுந்த பானங்கள் சில விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருள்களின் பெயரில் அவ்வெழுத்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எனவே வாங்கும்போது உறையில் சூத்திரம் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். 200 மில்லி லிட்டருக்குரிய சிறு பொட்டலமும் உண்டு, லிட்டருக்குரிய பெரிய பொட்டலமும் உண்டு. உறையில் எந்த அளவு உள்ளதோ அந்த அளவு நீரை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, பொட்டலம் முழுவதையும் அதில் ஒரே முறையில் கரைத்தல் வேண்டும். கரைத்ததைக் கொதிக்க வைத்தல் கூடாது. நீர் ஆவியாகிச் செறிவு மாறிவிடும். 24 மணி நேரம் கடந்து எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ள வேண்டும்.