வழக்கறிஞர் செல்வநாயகமும் உடன்படிக்கை அரசியலும்

இலங்கைத் தமிழர் அரசியலின் தலைமை நீண்டகாலம் வழக்கறிஞர் கையிலேயே இருந்துவந்தது. சேர் பொன். இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், சா. ஜே. வே. செல்வநாயகம் ஆகிய மூவரும் சட்டத்துறையினின்று அரசியலுக்கு வந்தவர்களே. செல்வநாயகத்தைப் போற்றுவோரும் மறுப்போரும் அவர்தம் கொள்கைகளைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அவரது தொழில் அவரது அரசியலை எவ்வாறு உருவாக்கிற்று என்பதையே இங்கு நோக்க முற்படுகின்றோம்.

1898 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்த செல்வநாயகம், தெல்லிப்பழையில் வளர்ந்தார். விஞ்ஞானப் பட்டம் பெற்று, கொழும்பில் ஆசிரியராய்ப் பணியாற்றியவாறே சட்டம் பயின்றார். பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளில் யூரிமாரைத் தம் நாவன்மையாற் கவர்ந்தவர். மென்குரலினரான செல்வநாயகமோ குடியியல் வழக்குகளிற் பெயர்பெற்றவர். உறுதிகளும் ஒப்பந்தங்களும் ஆளும் அத்துறையிற் பேச்சினும் எழுத்துக்கே வலிமை அதிகம். கையொப்பமிட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதே அதன் அடிப்படை.

1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பிற் காங்கேசன்துறைத் தொகுதியில் வெற்றிபெற்ற அவர், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டங்களை எதிர்த்து அக்கட்சியினின்று பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் பாதகமான சட்டங்களைச் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. ஆயினும், மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய வழக்கில் 1953 இல் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்களைச் செல்லுபடியானவை எனவே தீர்த்தது. நீதிமன்றத்தின் எல்லை இவ்வாறு புலனாயிற்று.

எஞ்சியது உடன்படிக்கையே. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையடுத்து, 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் பிரதேச சபைகளுக்கும் தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கும் வழிவகுத்தது. பிக்குமாரின் எதிர்ப்புக்குப் பணிந்த பிரதமர், 1958 ஏப்பிரலில் அதனைக் கைவிட்டார். 1965 இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்தின் மாவட்ட சபைத் திட்டமும் 1968 இல் கைவிடப்பட்டது. தனியார் ஒப்பந்தம் மீறப்படின் நீதிமன்றம் செல்லலாம். அரசியல் ஒப்பந்தம் மீறப்படின் செல்வதற்கு மன்றம் இல்லை. அதனை நிறைவேற்றவல்லது மக்கள் சக்தி ஒன்றே. 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன் நடைபெற்ற சத்தியாக்கிரகம் அச்சக்தியை உணர்த்திற்று எனினும், அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அதனை அடக்கின. சிங்கள உழைக்கும் மக்களிடம் தமிழர் கோரிக்கையின் நியாயத்தை எடுத்துச்செல்லும் முயற்சியோ, தலைவர்களிடையிலான பேச்சுவார்த்தைக்கு ஈடாக வளரவில்லை.

பிறிதொரு குறைபாட்டையும் நாம் மறைத்தலாகாது. வழக்கறிஞர் தம் கட்சிக்காரரைப் பிளவற்ற ஒருவராகவே மன்றில் நிறுத்துவர். செல்வநாயகத்தின் அரசியலும் தமிழ் மக்களை அவ்வாறே கண்டது. 1968 இல் அவரது தொகுதியிலேயே உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரியபோது, அப்போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் இடதுசாரிகளின் வழிவந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினரே. தமிழரசுக் கட்சி அதில் முன்னணியில் நிற்கவில்லை. சமூகத்தினுள் நீதி கோரியவர்களுக்கு அக்கட்சியின் வழக்கில் இடம் மிகக் குறைவாகவே இருந்தது.

1972 ஆம் ஆண்டு யாப்பு 29 ஆம் பிரிவையும் அகற்றியது. செல்வநாயகம் தம் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பை அறிய இடைத்தேர்தல் கோரினார். இரண்டாண்டுகளுக்கு மேல் தாமதித்து 1975 பெப்ரவரியில் நடைபெற்ற அத்தேர்தலில் அவர் வென்றார். 1976 மே மாதத்தில், சமஷ்டியைத் தம் வாழ்நாட் கோரிக்கையாகக் கொண்டிருந்த அவரது தலைமையிலேயே வட்டுக்கோட்டையிற் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்பிரல் 26 இல் அவர் காலமானார்.

அவரது நேர்மையை அவர்தம் அரசியல் எதிரிகளும் ஐயுற்றதில்லை. ஆயின் நேர்மையாளர் ஒருவரின் கையொப்பம் மட்டும் ஒரு தேசிய இனப் பிரச்சினையைத் தீர்க்கப் போதுமானதன்று. ஒப்பந்தத்தின் இரு பக்கத்திலும் அதனைக் காக்க முன்வரும் மக்கள் வேண்டும். அவரது வாழ்வினின்று நாம் பெறவேண்டிய பாடம் இதுவேயாகும்.