நோவாவின் பேழை எத்தனை முழம்?

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு விவிலியக் கதை சொல்பவர்களுக்குக் கயிறும் கடுகும் மணலும் போதும். விலை கொடுத்து வாங்கும் வண்ணப் பெட்டிகள்தான் சில நேரம் கதையை விழுங்கிவிடுகின்றன.

முன்னூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். நோவாவின் பேழைக்கு ஆதியாகமம் தரும் அளவு இது. ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடும். அதே குழந்தையிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். முப்பது முழத்தில் ஆலய வராந்தா முடிந்துவிடும். நூறில் கயிறு தெருவுக்கு வந்துவிடும். முன்னூறை எட்டுவதற்குள் பாதிப் பேர் களைத்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர் கையால் அளந்தால் சுமார் 450 அடி. பேழை பெரியது என்று அதன் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ‘உன் முழமும் என் முழமும் ஏன் ஒன்றாக இல்லை?’ என்ற சண்டை உபரி லாபம்.

இதில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு சலுகை உண்டு. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குக் ‘கியூபிட்’ என்றால் என்னவென்று விளக்கியாக வேண்டும். முழம் என்பதோ பூக்காரியிடம் அம்மா வாங்குவது. கோலியாத்தின் உயரமும் ஆறு முழம் ஒரு சாண்தான். சுவரில் சாக்பீஸால் கோடு போட ஏணி தேவைப்படும். (கிரேக்க மொழிபெயர்ப்பில் அவன் நான்கு முழம் ஒரு சாண். அப்போதும் நல்ல உயரம்தான்.)

கேரளம் முதல் மிசோரம் வரை சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளுக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. 1898-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற பெண்மணி பீர் விடுதி ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்திய வகுப்பு இதன் தொடக்கங்களில் ஒன்று. மிசோரமில் ஞாயிறு பள்ளிக்குப் பெரியவர்களும் போகிறார்கள் என்பது வேறு கதை.

பாட்டு, அபிநயம், கைவேலை எல்லாம் இந்தப் பள்ளிகளில் உண்டு. பிரச்சினை கைவேலையில்தான். வெளிநாட்டுப் பாடநூல்களைப் பார்த்துக் காகிதத் தட்டில் பஞ்சு ஒட்டி வெள்ளை ஆடு செய்கிறார்கள். ‘இன்று என்ன செய்தாய்?’ என்று வீட்டில் கேட்டால் ‘ஆடு’ என்கிறது குழந்தை. காணாமல் போன ஆடா, கிடைத்த ஆடா என்பது அதற்குத் தெரியவில்லை. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் தோளில் கம்பளியோடு இடையர்கள் ஓட்டிப்போகும் தக்காணத்து ஆடுகள் பெரும்பாலும் கறுப்பு. கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினால் நல்ல மேய்ப்பர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

செய்து கற்பது என்ற எண்ணத்தில் மரியா மாண்டிசோரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கிவிட்டவர் அவர். அதற்கு வெகு முன்பே பார்சிலோனாவில், நற்கருணைக்கான கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே பயிரிடும் சோதனையில் ஈடுபட்டிருந்தார். அவர் வழியில் எபிரேய அறிஞர் சோஃபியா கவாலெட்டி 1954-இல் ரோமில் தொடங்கிய முறையில், மரத்தால் செய்த மேய்ப்பரையும் ஆடுகளையும் பட்டியையும் குழந்தை தானே நகர்த்தும். அவரிடம் கற்ற அமெரிக்கப் பாதிரியார் ஜெரோம் பெரிமன் ஒரு மணல் பெட்டியைச் சேர்த்தார். ஆபிரகாம் மணலில் நடந்து போவார். தடம் பின்னால் தங்கும். கதை முடிந்ததும் ஆசிரியர் விடை கேட்பதில்லை. ‘இதில் உனக்குப் பிடித்த இடம் எதுவாக இருக்கும்?’ என்று வியப்பார், அவ்வளவுதான். மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுத்துப் பழகிய நம் ஆசிரியர்களுக்கு இந்த மௌனம்தான் கடினம்.

எல்லாக் கதையையும் கையில் கொடுக்கவும் கூடாது. ஈசாக்கைப் பலிபீடத்தில் கட்டும் காட்சியை ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து நடிப்பது கொடுமை. கட்டப்பட்ட பிள்ளை அன்று இரவு அப்பாவை எப்படிப் பார்க்கும்? பேழையிலும், ஏறியவர்களை மட்டுமே வரைந்து முடிக்கிறோம். ஏறாதவர்களைப் பற்றிக் கேட்கும் குழந்தை எங்கும் இருக்கும். அதை அதட்டி உட்கார வைக்காதவரே நல்ல ஆசிரியர்.

இன்னொன்று, அனுமதி. இந்த வகுப்புகளுக்கு அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் ஆசையாக வந்துவிடுவதுண்டு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமின்றிச் சிறுவர்களைச் சமயப் போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. ஆலய வளாகத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாமல் போகலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிடும் நாகரிகம் எங்கும் பொருந்தும். மதமாற்றத் தடைச் சட்டங்கள் உள்ள மாநிலங்களில் அது பாதுகாப்பும்கூட.

மற்றபடி செலவு ஒன்றும் இல்லை. ஒரு தட்டில் கல், இன்னொன்றில் மணல்; இரண்டின் மேலும் தீப்பெட்டி வீடு; ஒரு செம்புத் தண்ணீர். மத்தேயுவின் ஏழாம் அதிகாரம் முடிந்தது. புளித்த மாவு உவமைக்கு, முதல் நாள் மாலை கரைத்த இட்லி மாவில் பாத்திரத்தின் வெளியே கோடு போட்டு வைத்தால், காலையில் கோட்டைத் தாண்டி நிற்கும். கடுகு விதை உவமையில் வருவது, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் கருங்கடுகு என்பது அறிஞர் பலர் கருத்து. நமக்கு அஞ்சறைப் பெட்டிக் கடுகு போதும். ஈரப் பஞ்சில் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். எனவே பத்து நாள் வகுப்பென்றால் முதல் நாளே தூவிவிட வேண்டும். கடைசி நாள் நிகழ்ச்சிக்கு வரும் பெற்றோர், பிள்ளையின் கையில் பச்சையாக எதையாவது பார்ப்பார்கள்.