கரை நெருங்குகையில்...

குமரி முனையில் சூரியோதயமும் அஸ்தமனமும் கண்டு களித்திருப்பீர்கள். எட்டு மாதம் அவற்றைப் பெரும்பாலும் நடுக்கடலிலேயே கண்ட இரு பெண்மணிகளைத் தெரியுமா?

கடற்படை அதிகாரிகளான கோழிக்கோடு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும், 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். தங்கியது ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கே துறைமுகங்களில். கேப்டவுனுக்கு அப்பால் வீடுதான்!

ஆனால் அடுத்த வருஷம் தென்மேற்குப் பருவமழை மே 24-லேயே கேரளக் கரைக்கு வந்துவிட்டது. நாஞ்சில் வயல்களுக்கு அது வரம், பாய்மரத்துக்கோ சோதனை. போதாததற்குக் கரையோரத்தில்தான் கப்பல்களும் மீன்பிடி படகுகளும் அதிகம். பால் பொங்கும் சமயத்தில் அடுப்படியை விட்டு நகர முடியுமா?

அவர்களும் நகரவில்லை. மே 29-ல் 'தாரிணி' பத்திரமாகக் கோவா சேர்ந்தது.