சுவருக்குள் ஓடும் கம்பியில் பாடமும் வரும்!

ஷா ஆலமில் என் தங்கை குடியிருப்பது இரட்டைமாடித் தொடர்வீடு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை அடைத்தார்கள் அல்லவா? அந்த நாட்களில் அவள் மகன் பாடம் படித்தது மேசையில் அல்ல, மாடிப்படியில்! அவன் அறை மேலே பின்புறம். இணையப் பெட்டியோ கீழே வாசல் கூடத்தில். இடையில் செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும். 'வைஃபை' அலை படிக்கட்டோடு நின்றுவிடும்.

லயத்துப் பலகைச் சுவரை அந்த அலை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே பலகை வீட்டில் இருக்கும் தோட்டத்து வாசகர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குத் தேவைப்படாது, காசை மிச்சப்படுத்துங்கள். கல்வீட்டுக்கு மாறிப் போனவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா 'யூனிஃபை' சேவையைத் தொடங்கியபோது, முதலில் கிடைத்த இடங்களில் ஷா ஆலமும் ஒன்று. கண்ணாடி இழை வாசல்வரை வந்துவிட்டது. அங்கிருந்து பின்னறைக்குப் போவதுதான் பெரும்பாடு!

சுவரைத் துளைத்துப் புதுக்கம்பி இழுக்கலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! ஆனால் எல்லா அறைக்கும் ஏற்கெனவே ஒரு கம்பி போயிருக்கிறது. அதுதான் மின்சாரக் கம்பி. அதிலேயே இணையத்தை அனுப்பும் பெட்டிகள் சோடியாக விற்கின்றன. 'பவர்லைன் அடாப்டர்' என்று கேளுங்கள். ஒன்றை இணையப் பெட்டிக்குப் பக்கத்துப் பிளக் பாயிண்டில் செருகிச் சிறு கேபிளால் இணையப் பெட்டியோடு இணைக்க வேண்டும். மற்றதைப் பின்னறையில் செருகி, அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். வேலை முடிந்தது.

மின்சாரமும் பாடமும் ஒரே கம்பியில் எப்படி வரும் என்கிறீர்களா? திருவிழாவில் உறுமியும் நாதசுரமும் ஒரே காற்றில்தான் வருகின்றன. காது பிரித்துக் கேட்கிறதல்லவா? மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. இணையச் செய்தியோ விநாடிக்கு 20 இலட்சம் முறைக்கு மேல். அந்த வேக அலையை மட்டும் பெட்டி பிரித்து எடுத்துக்கொள்கிறது. இது சிற்றலை வானொலியின் வரிசையிலேயே ஓடுவதால், பழைய ரேடியோ கேட்கும் தாத்தா வீட்டில் இருந்தால் இரைச்சல் என்று கோபித்துக் கொள்வார்!

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கம்பிவழி இணையம் என்றதும் பையன்கள் கேபிளை உரித்துப் பிளக் துவாரத்தில் சொருகிவிடக் கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட், உயிரைக் குடித்துவிடும். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிளக் பாயிண்ட் சூடாகிறது, கருகியிருக்கிறது என்றால் முதலில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள், இணையம் காத்திருக்கட்டும்.

தங்கை வீட்டில் முதல்நாள் இது வேலை செய்யவே இல்லை. இடிமின்னல் தடுப்புள்ள நீட்டிப்புப் பலகையில் செருகியிருந்தார்கள். அது வேக அலைகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. நேராகச் சுவரில் செருகியதும் விளக்கு பச்சையாயிற்று. மூன்று பேஸ் மின்சாரம் உள்ள பெரிய வீடுகளில் இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு பேஸில் அமைந்துவிட்டால், செய்தி மெலிந்து போகும். சில சமயம் வராமலே போகலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரண்டு பெட்டிகளிலும் உள்ள இணைப்புப் பொத்தானை அழுத்தி, தங்களுக்கென்று தனிச் சாவியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அலை மீட்டரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் கசியக்கூடும்.

அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி விடாதீர்கள். வீட்டில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். பாடம் பார்க்க அது போதும். பழைய கம்பி, குளிர்பெட்டி, கைப்பேசிச் சார்ஜர் எல்லாம் வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே, சரிவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.